தலைக்கட்டு நோட்டில் தாத்தா பெயர்

எங்கள் குலதெய்வம் காரையாறு சொரிமுத்து அய்யனார். அப்பா சொல்லித் தெரியும், அவ்வளவுதான். தாத்தா பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தபிறகு அந்தப் பக்கம் போக்குவரத்தே விட்டுப்போயிருந்தது. அப்பா காலமான மறுவருஷம், பங்குனி உத்திரத்துக்கு எப்படியும் போய்விடுவது என்று மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். தென்மாவட்டங்களில் அவரவர் சாஸ்தாவைத் தேடிப்போகும் நாள் அது, பங்காளிகள் யாராவது கண்ணில் பட மாட்டார்களா என்ற ஏக்கமும் இருந்தது.

திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாசம் தாண்டி, சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டி (1988-ல் புலிகள் காப்பகமான முண்டந்துறைக் காட்டுக்குள் கோயில் இருப்பதால் பிளாஸ்டிக்கை விடமாட்டார்கள்), மலைப்பாதையில் ஏறிப்போனால் தாமிரபரணிக் கரையிலேயே அய்யனார் இருக்கிறார். ஆற்றில் முங்கி எழுந்து, அவரைக் கும்பிட்டபோது அப்பா ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் நகரவே முடியவில்லை.

அப்புறம் பட்டவராயர் சன்னதி. அங்கே காணிக்கையாக வைத்திருந்த தோல் செருப்புகளைப் பார்த்து, "சாமிக்கு எதுக்குப்பா செருப்பு?" என்றாள் மகள். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு தம்பி, பட்டவராயராகக் கும்பிடப்படும் முத்துப்பட்டன் பிராமணராகப் பிறந்து செருப்புத் தைக்கிறவர் வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொண்டதையும், மாடுகளைக் காக்கப் போய் உயிரை விட்டதையும் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். சொல்லி முடித்து, "அண்ணே, நீங்க யாரு வகையறா?" என்றார்.

தாத்தா பெயரைச் சொன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தவர், கையைப் பிடித்து இழுக்காத குறையாக மணிவிழுங்கி மரத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பக்தர்கள் கட்டும் மணிகளை மெல்ல மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும் மரம், பட்டை மூடி விளிம்பு மட்டும் தெரிந்த ஒரு மணியை மகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

பொங்கல் அடுப்புப் பக்கம் ஒரு ஆச்சி உட்கார்ந்திருந்தார். தாத்தாவின் தம்பி மனைவியாம். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை, நாடியைப் பிடித்துத் திருப்பி, "பெரியத்தான் மூக்குல்லா இது" என்று அழுதுவிட்டார். அந்தத் தம்பி மறுபடியும் என்னை அண்ணே என்றதும், "ஏலே, அவன் உனக்கு மவன் முறை" என்று அதட்டினார். தாத்தாவுக்கு ஒன்றுவிட்ட தம்பியின் கடைசி மகன். என்னைவிடப் பத்து வயசாவது இளையவர், எனக்குச் சித்தப்பா. மகள் தயங்கவே இல்லை, அந்த நிமிஷத்திலிருந்து அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிட்டாள்.

சித்தப்பாதான் கோயில் வரி நோட்டை எடுத்து வந்தார். மஞ்சள் கறை படிந்த நீளநோட்டு, தலைக்கட்டு வாரியாக, அதாவது வரி கட்டும் குடும்பம் வாரியாகப் பெயர்கள். நாலாவது வரியில் என் தாத்தா. எதிரே வருஷா வருஷம் "வரவு" என்று எழுதியிருந்தது. கட்டினது யார் என்று கேட்டேன். "உங்க சின்னத்தாத்தா இருக்க மட்டும் அவிய கட்டுனாவ, பெறவு நான் கட்டுதேன். அண்ணன் பேரு விட்டுப்போயிரக் கூடாதுன்னு சொல்லிட்டுல்லா போனாவ" என்றார் ஆச்சி.

அந்த வருஷ வரியை நான் கட்டினேன். தாத்தாவுக்குக் கீழே அப்பா பெயர், என் பெயர் எழுதிவிட்டுச் சித்தப்பா நோட்டை மூடப்போனார். தலைக்கட்டு நோட்டில் ஆம்பிளைப் பெயர்தான் ஏறும்.

"பிள்ளை பேரையும் எழுதுலே" என்றார் ஆச்சி.

மகள் அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.