செம்மண் மேட்டில் காசாக்காடு: இரண்டு பேருக்கான கணக்கு

"எத்தனை கன்று வைக்கலாம்?" கடலூர் கேப்பர் மலைப் பக்கமோ புதுச்சேரிக்கு வடமேற்கே செம்மண் மேட்டிலோ ஓர் ஏக்கரை வைத்துக்கொண்டு, இனி இதைக் காடாக்குவதுதான் வேலை என்று இறங்கும் தம்பதிகள் முதலில் கேட்பது இதைத்தான். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். இரண்டு மீட்டர் இடைவெளி விட்டால் ஆயிரம் கன்று பிடிக்கும். பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் ஒரே காலையில் நட்டு, போட்டோவும் எடுத்துவிடலாம். பங்குனி வெயிலில் அந்த ஆயிரத்துக்கும் தண்ணீர் ஊற்றப் போவது பிள்ளைகள் இல்லை, நீங்கள் இரண்டு பேர்.

அதனால் தண்ணீரிலிருந்து கணக்குப் போடுங்கள். முதல் கோடையில் கன்றுக்கு வாரம் 10 லிட்டர் வேண்டும். இரண்டாம் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 15 லிட்டர். மூன்றாம் கோடையில் மாதம் ஒருமுறை 20 லிட்டர். வருடத்துக்கு 250 கன்று வைத்தால் முதல் கோடையில் வாரம் 2,500 லிட்டர், அதாவது 500 லிட்டர் டிரம் ஐந்து. இரண்டாம் கோடையில் பழைய கன்றும் புதுக் கன்றும் சேர்ந்து 4,375 லிட்டர். மூன்றாம் கோடையில் 5,625 லிட்டர், வாரத்துக்குப் பதினொன்றேகால் டிரம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு பேர் சமாளிக்கலாம். இதற்கு மேல் சுமை ஏறாது. நான்காம் வருடக் கன்று வரும்போது முதல் வருடக் கன்று தண்ணீர் கேட்பதை நிறுத்தியிருக்கும். நான்கு வருடத்தில் ஏக்கர் நிறையும். நட்ட நாளன்று எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எது காடு, எது காய்ந்த குச்சி என்று தெரிவது மூன்றாம் சித்திரையில்.

எதை வைப்பது என்று தெரிய நர்சரிக்குப் போக வேண்டாம், கோயில் காட்டுக்குப் போங்கள். கெடிலக் கரையில் திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம், புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புதுப்பட்டு ஐயனார் கோயில் காடு ஆகிய மூன்றும் தாவரவியலாளர்கள் பல காலமாக அளந்து எழுதிவரும் இடங்கள். சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய இந்த உலர் பசுமைமாறாக் காட்டில் மரங்கள் பெரும்பாலும் 10 மீட்டரைச் சுற்றித்தான் நிற்கும். இலை சிறியது, தடித்தது, கரும்பச்சை; மே மாதத்திலும் உதிர்ந்து மொட்டையாகாது. காசா (காயாம்பூ மரம்), வீரை, உலக்கைப் பாலை, இரும்புலி, காட்டெலுமிச்சை, நாவல், மகிழ், தேற்றான் எல்லாம் மேல்தட்டு. கீழே காரை, களா, கொஞ்சி, நிலக்குமிழ். மேலேறும் கொடியில் மோதிரக்கன்னியைத் தேடிப் பாருங்கள்: கிளையிலிருந்து மோதிரம்போலச் சுருண்ட கொக்கி, பக்கத்துக் குச்சியைப் பிடித்தபின் தடித்து மரமாகவே இறுகியிருக்கும். பிய்த்தால் குச்சி ஒடியுமே தவிர மோதிரம் விடாது.

விதை பொறுக்குமுன் பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மரத்திலிருந்து பறிக்காமல் கீழே விழுந்ததை மட்டும் எடுத்தால் யாரும் மறுப்பதில்லை.

இந்த மரங்கள் மெதுவாக வளர்பவை, அதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டவர்கள் இந்த வட்டாரத்தில் அக்கேசியாவை வைத்தார்கள். 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அது வெட்டவெளிச் செம்மண். நிழலுக்கும் மண்ணுக்கும் முன்னோடியாக நட்ட மரங்களில் ஆஸ்திரேலிய அக்கேசியா முக்கியமானது. அதன் நிழலில் நாட்டு மரங்கள் எழுந்தன, அதை மறுக்க முடியாது. ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது கூட்டம் கூட்டமாகச் சாய்ந்ததும் அக்கேசியாதான். எங்கள் கட்சி இதுதான்: முன்னோடி வேண்டுமானால் உள்ளூர் உசிலையும் வேம்பும் விராலியும் போதும். நிலத்தில் ஏற்கெனவே சீமைக்கருவேல் இருந்தால் ஒரே மூச்சில் வழிக்காமல் மூன்று மீட்டர் பட்டையாக வருடத்துக்குக் கொஞ்சம் எடுங்கள். மிச்சம் நிற்பது கன்றுக்கு அரை நிழல் தரும். தரைமட்டத்தில் வெட்டினால் ஆடிக்குள் புதராக வரும். ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி வேர்த்தலையோடு எடுக்க வேண்டும்.

நடுவதற்கு முன் மண்கரை போட வேண்டும். புதுச்சேரியில் வருட மழை ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மி.மீ, பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 45 செ.மீக்கு மேல் பெய்தது. ஓர் ஏக்கரில் 10 செ.மீ பெய்தாலே நாலு லட்சம் லிட்டர். செம்மண்ணின் மேல்தோல் இறுகியிருப்பதால் அதில் பெரும்பகுதி உள்ளே போகாமல் ஓடிவிடும், போகும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு. திருவக்கரையில் கல்மரம் கிடப்பதும் கேப்பர் மலை எழுந்து நிற்பதும் இதே கடலூர் மணற்பாறைப் படுகையில்தான்; அதன் மேல் கிடக்கும் சிவப்பு மண் கரையத் தொடங்கினால் சில வருடத்தில் ஆளுயரப் பள்ளம் விழும். ஆரோவில் விளிம்பில் 2003-இல் அவிரம், யோரித் ரோசின் தம்பதி தொடங்கிய சாதனா ஃபாரஸ்ட் காடு வளர்ப்பிலும் மண்கரை போடுவதும் தண்ணீர் தேக்குவதும் மரத்துக்குச் சமமான வேலை.

மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பத்து மீட்டர் பிளாஸ்டிக் குழாய், அதில் தண்ணீர். இந்த வேலைக்கு இரண்டு பேர் கட்டாயம்: ஆளுக்கொரு நுனியைக் கோலோடு பிடித்து, இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே குறியில் நிற்கும் இடத்தில் முளை அடித்துக்கொண்டே போக வேண்டும். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். வெயிலில் கிடந்த குழாயில் குமிழி சேரும். அடிக்கடி உயர்த்தி விரலால் சுண்டிப் பாருங்கள். கோலை நகர்த்தும்போது வாயைக் கட்டை விரலால் அடைக்காவிட்டால் தண்ணீர் சிந்தி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மிதமான சரிவில் 15 மீட்டருக்கு ஒரு கரை என்றால் ஏக்கருக்கு நாலு, ஒவ்வொன்றும் சுமார் 60 மீட்டர். மேட்டுப் பக்கம் 60 செ.மீ அகலம், 45 செ.மீ ஆழத்தில் வாய்க்கால் தோண்டி, ஒரு அடி விளிம்பு விட்டுத் தாழ்ந்த பக்கம் மண்ணைப் போட வேண்டும். அடி 90 செ.மீ, தலை 30 செ.மீ, உயரம் 45 செ.மீ, தோண்டிய மண் அதற்கே சரியாக வரும், இடித்தபின் உயரம் கொஞ்சம் இறங்கும். ஒரு வாய்க்கால் 16,000 லிட்டர் பிடிக்கும், நாலும் சேர்ந்து 65,000. நாலு லட்சம் வரும் இடத்தில் 65,000-தான் பிடிக்கிறது என்றால் மிச்சம் போக வழி விட வேண்டும். ஒவ்வொரு கரையிலும் ஒரு முனையில் கலங்கல் வைத்து, தலையை விட ஒரு சாண் தாழ்த்தி, கல் பதியுங்கள். அடுத்த கரையின் கலங்கல் எதிர்முனையில் இருக்கட்டும்.

கரை உடைவதற்குக் காரணம் இரண்டு. ஜேசிபி அரை நாளில் மண்ணைக் குவித்துவிடும், ஆனால் இடிக்காது. ஒரு சாணுக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்து திமிசுக் கட்டையால் இடிக்காத கரை முதல் பெருமழையிலேயே கரைந்துபோகும். இரண்டாவது எலி வளை. புரட்டாசியில் கரை முழுக்க நடந்து வளைகளைத் தேடுங்கள். வாயை மட்டும் அடைத்தால் பயனில்லை. வளை போகும் வரை வெட்டித் திறந்து ஈரமண் போட்டு இடிக்க வேண்டும். கரைமேல் வெட்டிவேர் வையுங்கள்.

நாற்றங்கால் மறுபாதி. இந்தக் காட்டு விதைகளில் பலவற்றைச் சேமித்து வைக்க முடியாது. நாவலைப் பொறுக்கிய வாரத்துக்குள் சதை நீக்கி ஊன்ற வேண்டும், காய்ந்தால் செத்தது. ஒரே நாவல் கொட்டையில் இரண்டு மூன்று முளை வரும். வலுவானதை விட்டு மற்றதை நறுக்கிவிடுங்கள், பிடுங்கினால் எல்லாமே ஆடிப்போகும். வேப்பங்கொட்டையும் சில வாரங்கள்தான் தாங்கும். காசாப் பழத்தைத் தண்ணீரில் பிசைந்து தோல் கழித்து அன்றே மணலில் போடுங்கள். உசிலை இதற்கு நேர் எதிர், தோல் கெட்டி: தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கியபின் விதையைப் போட்டு, இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் ஊன்ற வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே போட்டால் வெந்த பயறுதான் கிடைக்கும்.

பைக் கலவை இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய எரு. எரு சரியாக மக்காமல் இருந்தால் பைக்குள் சூடேறி முளை கருகும், வண்டின் வெள்ளைப் புழுவும் வரும். காசா, வீரை, இரும்புலி ஒரு வருடத்துக்கு மேல் நாற்றங்காலில் இருக்கும் சாதி, எனவே சின்னப் பையில் ஆறு மாதத்துக்கு மேல் விடக்கூடாது. வேர் அடியில் சுற்றத் தொடங்கினால் நட்ட பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். நாலைந்து வருடம் நன்றாக நின்று, ஒரு காற்றில் அப்படியே சாயும் மரத்தைத் தோண்டிப் பார்த்தால் இந்தச் சுருள்தான் கண்ணில் படும். மாதம் ஒருமுறை பையை இடம் மாற்றுங்கள், தரையில் வேர் இறங்காது. நடுவதற்கு ஒரு மாதம் முன் நிழல்வலையை விலக்கித் தண்ணீரைப் பாதியாக்குங்கள்.

குழியைக் கோடை மழைக்குப் பிறகு தோண்டுவது சுலபம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதே. கெட்டி மண்ணில் இரண்டடி. மேல்மண்ணைத் தனியாகக் குவித்து, இரண்டு கூடை எருவும் 200 கிராம் வேப்பம் புண்ணாக்கும் கலந்து, அதையே குழியில் போட வேண்டும். ஈரத்தில் கடப்பாரை போட்ட குழியின் பக்கங்கள் வழவழவென்று பூசினாற்போல் இறுகிவிடும். வேருக்கு அது சட்டி: உள்ளேயே சுற்றும், மழையில் தண்ணீர் தேங்கி அழுகும். நடுமுன் பக்கங்களைக் கடப்பாரை நுனியால் கீறிவிடுங்கள்.

நடும் காலம் புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி நடு வரை. மண் ஒரு முழம் ஆழத்துக்கு நனைந்திருக்க வேண்டும். கார்த்திகையில் நட்டால் வேர் பிடிக்குமுன் மழை ஓய்ந்துவிடும். தண்ணீர் தேங்கும் தாழ்வான மூலைகள் மட்டும் விலக்கு, அவற்றுக்கு மார்கழி. பையைக் கிழித்தபின் அடியில் ஒரு விரற்கடை மண்ணைப் பிளேடால் சீவி எறியுங்கள், சுருண்ட வேர் அதோடு போகும். கழுத்து மண்மட்டத்துக்குச் சரியாக இருக்கட்டும். சரிவில் வட்டப் பாத்தி வேண்டாம், மேட்டைப் பார்த்துத் திறந்த பிறைப் பாத்தி போடுங்கள்.

சருகு மூடாக்கு அரை அடி கனத்துக்கு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. தண்டோடு ஒட்டிப் போட்டால் கறையான் முதலில் சருகைத் தின்று, பிறகு பட்டைக்கு வரும். தண்ணீரை மேலே ஊற்றினால் வேரும் மேலேயே நிற்கும். இரண்டங்குல பிவிசி குழாயை ஒன்றரை அடிக்கு நறுக்கி, கீழ்ப்பாதியில் துளையிட்டு, கன்றுக்கு ஒரு சாண் தள்ளிப் புதைத்து அதற்குள் ஊற்றுங்கள். தலைகீழாகக் கவிழ்க்கும் பாட்டில் சொட்டுநீர் பார்க்க அழகு. பாசி பிடித்து அடைத்துக்கொண்டதைக் கன்று வாடிய பிறகுதான் கவனிப்போம்.

ஆடு கம்பிவேலிக்கு அடங்காது. எல்லையில் கட்டைவிரல் கனக் கிளுவைப் போத்தை நாலடிக்கு வெட்டி, சாணுக்கு ஒன்றாக மழைக்கு முன் ஊன்றி, இடையில் களாவும் காரையும் வையுங்கள். வேலி அடர மூன்று வருடம் ஆகும். அதுவரை ஆட்டுக்காரர்களோடு பேசித்தான் ஆக வேண்டும்: உள்ளே மேய்க்கக்கூடாது, ஆனால் புல்லை அறுத்துக்கொண்டு போகலாம். இந்த ஏற்பாட்டில் களையெடுக்கும் கூலியும் மிச்சம், தீப்பிடிக்கும் காய்ந்த புல்லும் குறையும். பக்கத்தில் சவுக்குத் தோப்போ முந்திரிக் காடோ இருந்தால் தை முடியும் முன் எல்லையோரம் மூன்று மீட்டர் அகலத்துக்குச் செத்தையை வழித்துவிடுங்கள்.

நோட்டு ஒன்று இருக்கட்டும், எழுதுவது ஒருவர் கையாகவே இருக்கட்டும். ஒவ்வொரு சித்திரையிலும் சாதிவாரியாக நின்றது எத்தனை, போனது எத்தனை, எந்த மூலையில் என்று குறித்தால் போதும். வீரை எல்லாம் ஒரே பக்கம் போயிருந்தால் கோளாறு மரத்தில் இல்லை, அந்தப் பக்கத்து மண்ணிலோ கரையிலோ இருக்கிறது. அடையாளத் தகட்டைக் கம்பியால் தண்டில் கட்டாதீர்கள், பருக்கும்போது கழுத்தை நெரிக்கும்; பக்கத்தில் குச்சி நட்டு அதில் அடியுங்கள்.

எட்டாவது பத்தாவது வருடத்தில் நீங்கள் நடாத கொஞ்சியும் காரையும் தானாக முளைக்கும், கொண்டைக்குருவிகள் போட்டுவிட்டுப் போனவை. அதன்பின் வேலை வெயிலுக்கு வழிவிடுவதுதான்: முன்னோடிகளில் மூன்றில் ஒன்றை ஆடிக்கு முன் வெட்டி, கிளைகளை வாய்க்காலிலேயே போடலாம். இன்னொரு வேலை பத்திரம். இருவரில் யார் பெயரில் பட்டா இருக்கிறதோ அவருக்குப் பின் நிலம் யாருக்கு, மரம் யார் பொறுப்பு என்பதை உடம்பில் தெம்பு இருக்கும்போதே வழக்கறிஞரிடம் கேட்டு உயிலாகவோ அறக்கட்டளையாகவோ எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். நிலத்தை மனை போட்டு விற்கும் அளவுக்கு விலை ஏறிக்கொண்டிருக்கும் இந்த வட்டாரத்தில், அதைத் தள்ளிப்போட்டால் அடுத்த ஜேசிபி கரை போட வராது.