புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டதும் கறுத்துப்போன திரை: ஐந்து நாள் அலைச்சல்

நேற்று இரவு பதினொன்றரைக்குத்தான் என் கணினி பழையபடி எழுந்து நின்றது. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். உங்களிடமும் யாராவது "கார்டு போச்சு, மதர்போர்டு போச்சு" என்று சொல்லிக் காசு கேட்டால், பர்ஸைத் திறப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த். இந்த வருடம், 2023-இல், தைப்பூசம் பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை வந்தது. கொடியேற்றத்திலிருந்து காவடி இறங்கும் வரை எடுத்த வீடியோ எல்லாம் என்னிடம்தான் இருக்கிறது, மொத்தம் 180 ஜிபி. வெட்டி ஒட்டி 19-ஆம் தேதி கோயில் மண்டபத்தில் போட்டுக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதில் என் மாமியாரும் பால்குடம் எடுத்து நடக்கிறார். எழுபத்தாறு வயது. அடுத்த வருடம் முடியுமோ முடியாதோ என்று அவரே சொல்லிக்கொண்டு நடந்தார். அதனால் இது எனக்கு வெறும் கணினிச் சமாச்சாரம் இல்லை.

திரைக்குப் படம் அனுப்பும் என் பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. எடிட்டிங்கில் திணறியது. வியாழக்கிழமை ஆர்எக்ஸ் 6600 என்ற புதுக் கார்டு வாங்கினேன். ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு (எல்லாவற்றையும் சொருகும் தாய்ப் பலகை, இனி போர்டு), 550 வாட் பவர் சப்ளை, எல்லாம் அதற்குத் தோதானவைதான். வெள்ளிக்கிழமை இரவு பழைய கார்டின் டிரைவர் மென்பொருளை நீக்கி, பழையதைக் கழற்றி, புதியதைச் சொருகி, ஸ்லாட்டின் கடைசியில் உள்ள கொக்கி 'டக்' என்று விழுந்ததையும் பார்த்துக்கொண்டேன். ஸ்விட்சைப் போட்டால் மின்விசிறிகள் சுற்றுகின்றன, திரை மட்டும் கும்மிருட்டு.

ஹெச்டிஎம்ஐ கேபிளை மாற்றினேன், டிவியில் போட்டுப் பார்த்தேன், ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டேன், பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் போர்டின் நிரல்) பேட்டரியைப் பத்து நிமிடம் வெளியே எடுத்து வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பழைய கார்டை மறுபடி போட்டால் சமர்த்தாக விண்டோஸ் வருகிறது. அப்படியானால் புதுக் கார்டில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். அந்த முடிவுதான் என்னை ஐந்து நாள் அலைய வைத்தது.

சனிக்கிழமை கார்டை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். ஒன்று பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன், ஒரு மணிக்கே சாத்திவிட்டார்கள். இங்கே சனிக்கிழமை பாதிக் கடைகள் ஒரு மணிக்கு மூடிவிடும் என்று தெரிந்தும் ஃபோன் செய்து கேட்காமல் போனேன். போக வர பெட்ரோல் செலவுதான் மிச்சம்.

திங்கட்கிழமை முழு கேபினட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்" என்றார்கள். கட்டணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செவ்வாய்க்கிழமை மதியம் போனால் கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "இது பிசிஐஇ 4 கார்டு. உங்கள் போர்டு பிசிஐஇ 3. ஒத்துவராது. போர்டும் பிராசஸரும் மாற்ற வேண்டும். விண்டோஸையும் ஃபார்மட் செய்துதான் போட வேண்டும்." எல்லாம் சேர்த்து 6,800 ராண்ட். அதில்லாமல், பார்த்ததற்கு 350 ராண்ட்.

ஃபார்மட் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த 180 ஜிபியும் விண்டோஸ் இருக்கும் அதே டிஸ்கில்தான் இருந்தது. வேறெங்கும் பிரதி எடுத்து வைக்கவில்லை. வாதாடத் தெம்பில்லாமல் 350-ஐக் கட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அவர் சொன்னது தவறு. பிசிஐஇ என்பது கார்டைச் சொருகும் ஸ்லாட்டின் தரம், 3-ம் 4-ம் அதன் தலைமுறைகள். பிசிஐஇ 4 கார்டு பிசிஐஇ 3 ஸ்லாட்டில் தாராளமாக ஓடும், வேகத்தை மட்டும் 3-க்கு இறக்கிக்கொள்ளும். இதைச் சொல்லி யாராவது உங்களைப் போர்டு மாற்றச் சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொன்றும் தெரிந்தது. கேபினட்டின் பக்கத் தகட்டில் ஒரு ஸ்க்ரூ தொலைந்துபோனதால் நான் அங்கே டேப் ஒட்டியிருந்தேன். அந்த டேப் ஒட்டினது ஒட்டினபடியே இருந்தது. மூலை மடிந்திருந்தது, அதுகூட நான் மடித்த மாதிரியே. திறந்தே பார்க்காமல் 350 ராண்ட் வாங்கியிருக்கிறார்கள்.

அடுத்த தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். டிவி, ரேடியோ ரிப்பேர் செய்து ஓய்வுபெற்றவர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஆனாலும் வீட்டில் தமிழ்தான். அன்று சாயங்காலம் அவர் வந்து, கணினியைப் போடச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கவே இல்லை, குனிந்து போர்டைப் பார்த்தார்.

"தங்கச்சி, இந்த லைட்டு எரியுதே, பாத்தியா?"

போர்டின் ஓரத்தில் அரிசி மணி அளவில் நான்கு விளக்குகள். பக்கத்தில் சிபியு (பிராசஸர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ் கார்டு), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது. ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும், எது அணையாமல் நிற்கிறதோ சிக்கல் அங்கே. விஜிஏ விளக்கு நின்று எரிந்தது. போர்டும் பிராசஸரும் ரேமும் தேறிவிட்டன, கார்டு மட்டும் பதில் சொல்லவில்லை. இத்தனை வருடம் இந்தப் பெட்டியை வைத்திருக்கிறேன், அந்த விளக்குகளை நான் கவனித்ததே இல்லை. எல்லாப் போர்டிலும் இது இருக்காது. இல்லாவிட்டால் சின்ன பீப் ஸ்பீக்கர் ஒன்றை மாட்டிக்கொண்டால் சத்தத்தை எண்ணிக் கண்டுபிடிக்கலாம்.

ஸ்விட்சை அணைத்து, கார்டுக்குப் போகும் பவர் கேபிளைப் பிடுங்கினார். அதன் முனை ஆறு முள் தனி, இரண்டு முள் தனி என்று பிரிந்திருக்கும், இரண்டையும் சேர்த்துப் பிடித்து எட்டாகச் சொருக வேண்டும். ஆறு முள் முழுதாக இறங்கியிருந்தது. அந்த இரண்டு முள் துண்டு மட்டும் அரைக்கால் அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தெரியாது, மற்ற ஒயர்கள் மறைத்துவிட்டன. அந்த இரண்டும் கரன்டைக் கொண்டுவரும் 12 வோல்ட் ஒயர்கள்கூட இல்லை, எட்டு முள் கேபிள்தான் வந்திருக்கிறது என்று கார்டுக்கு அடையாளம் காட்டுபவை. ஸ்லாட்டிலிருந்து 75 வாட்தான் கிடைக்கும். பழைய 1050 டிஐ அதிலேயே காலம் தள்ளியது, தனிக் கேபிளே கிடையாது. 6600-க்கு 132 வாட் வேண்டும், அடையாளம் தெரியாமல் அது எழுந்திருக்கவில்லை. பழைய கார்டு ஓடியதை வைத்துப் புதியதைச் சந்தேகப்பட்டேனே, அந்தக் கணக்கு தப்பானது இங்கேதான்.

இரண்டையும் விரலால் இறுக்கிச் சேர்த்து அழுத்தினார். ஒரு சத்தம். ஸ்விட்ச். போர்டின் லோகோ வந்தது. என் மாமியார் அடுப்படியிலிருந்து "முருகா" என்றார்.

கேபிள் பற்றி அவர் சொன்ன இரண்டு விஷயம். பிராசஸருக்குப் போகும் எட்டு முள் நான்கு நான்காகப் பிரியும், கார்டுக்குப் போவது ஆறும் இரண்டுமாகப் பிரியும். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே ஒயர் வரிசை தலைகீழ், பலவந்தமாகச் சொருகினால் புகைதான். இன்னொன்று, கழற்றி மாட்டும் கேபிள் உள்ள பவர் சப்ளையில் வேறு கம்பெனிக் கேபிளைப் போடவே கூடாது. முனை பொருந்தும், உள்ளே இணைப்பு வேறாக இருக்கும், ஹார்ட் டிஸ்க் எரிந்துபோகும்.

இத்தோடு விட்டிருக்கலாம். இந்தக் கார்டு நன்றாக ஓட பயாஸில் ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் எட்ட விடும் வசதி) போட வேண்டும் என்று படித்திருந்தேன், அன்றிரவே போட்டேன். அதைப் போடும்போது சிஎஸ்எம் என்பதை (பழைய முறையில் விண்டோஸைத் தொடங்க விடும் வசதி) அணைக்க வேண்டும் என்று பயாஸே கேட்டது, சரி என்றேன். அடுத்த முறை திரை வந்தது, விண்டோஸ் வரவில்லை. எத்தனை முறை போட்டாலும் நேராக பயாஸுக்கே போகிறது. பூட் பட்டியலில் என் டிஸ்கின் பெயரே இல்லை. இப்போது விஜிஏ விளக்கு அணைந்துவிட்டது, பூட் விளக்கு எரிகிறது. விளக்கைப் பார்க்கத் தெரிந்ததால் இந்தத் தடவை கார்டைக் குறை சொல்லவில்லை.

காரணம் இதுதான். என் விண்டோஸ் பழைய கணினியிலிருந்து அப்படியே பிரதி எடுத்துக் கொண்டுவந்தது. டிஸ்கில் எந்தப் பகுதி எங்கே என்று குறித்து வைக்க இரண்டு முறைகள் உண்டு, என் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருந்தது. சிஎஸ்எம் அணைந்தால் போர்டு யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் மட்டும் தேடும், அதற்கு டிஸ்க் புதிய ஜிபிடி முறையில் இருக்க வேண்டும். ஃபார்மட் தேவையே இல்லை. விண்டோஸ் 10-இல் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உள்ளேயே இருக்கிறது, கோப்புகளைத் தொடாமல் மாற்றித் தரும்.

புதன்கிழமை சிஎஸ்எம்மை மறுபடி போட்டேன், விண்டோஸ் வந்தது. வந்த கையோடு வீடியோ எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் பிரதி எடுத்தேன். அப்புறம்தான் அந்தக் கருவியை ஓட்ட அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்). நேராக மாற்றிவிடாதீர்கள், முதலில் வேலிடேட் என்று சோதிக்கச் சொல்லுங்கள், ஓடும் விண்டோஸிலிருந்து செய்வதால் அலவ் ஃபுல் ஓஎஸ் என்பதையும் சேர்க்க வேண்டும். எனக்குச் சோதனை தேறவில்லை. டிஸ்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன் (முதன்மைப் பகுதி) இருந்தது, மூன்றுக்கு மேல் இருந்தால் அது ஏற்காது. பழைய கணினியின் ரெக்கவரி பகுதி ஒன்று சும்மா ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதை நீக்கியதும் தேறியது.

மாற்றுவதற்குக் கை வைக்கும்போது மணி ஏழே முக்கால். எட்டு முதல் பத்து வரை எங்கள் பகுதிக்கு லோட்ஷெடிங் (முறை வைத்து மின்வெட்டு) என்று அட்டவணையில் இருந்தது. டிஸ்கை மாற்றும்போதோ பயாஸ் அப்டேட் செய்யும்போதோ கரன்ட் போனால் கதை முடிந்தது, அதனால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சார்ஜ் விளக்கில் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தேன். கரன்ட் வந்தபின் இன்னும் அரை மணி நேரம் பொறுத்தேன், வந்தவுடன் ஒருமுறை போய்ப் போய் வரும். அதற்குப் பிறகு மாற்றியது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சிஎஸ்எம்மை அணைத்தேன், விண்டோஸ் வந்தது. உங்கள் கணினியில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், பயாஸில் கை வைக்கும் முன் அதை நிறுத்தி வையுங்கள், ரெக்கவரி எண்ணையும் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அது வாசலிலேயே நிறுத்தி அந்த எண்ணைக் கேட்கும்.

அந்த 350 ராண்டை நான் விடுவதாக இல்லை. இங்குள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டம், 15-ஆம் பிரிவு: பழுது பார்த்து மதிப்பீடு சொல்வதற்குக் காசு வாங்குவதானால், எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்லி நம் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். என்னிடம் யாரும் சொல்லவில்லை, நான் சம்மதிக்கவும் இல்லை. ரசீதையும் அந்த டேப்பின் படத்தையும் இணைத்து இன்று காலை கடைக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள், மாமியார் நடக்கும் பகுதியை இப்போதுதான் வெட்டி முடித்தேன்.