மின்சாரம் வந்ததும் ரிலே தானாகத் தட்டுகிறதா?

கரண்ட் போய் வந்ததும் யாரும் தொடாமலே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) தட்டி மோட்டார் ஓட ஆரம்பித்தால் அது ஆபத்து. இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் வைத்துச் செய்யும் போர்டுகளில் இது அடிக்கடி நடக்கும். பெரும்பாலும், ரிலேக்கு எந்தப் பின்னைத் (சிப்பின் இணைப்புக் கால்) தேர்ந்தெடுத்தோம் என்பதுதான் காரணம்.

ஜிபிஐஓ என்று எண்ணிட்ட பின்களில் 0, 2, 15 மூன்றும் சிப் எந்த முறையில் துவங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை. அவற்றில் ரிலேயை மாட்டினால் சிப் துவங்காமலே போகலாம். ஜிபிஐஓ 16 துவங்கும்போதே ஹையில் (3.3 வோல்ட்) இருக்கும். ரிலேக்கு 4, 5 இரண்டும்தான் என் முதல் தேர்வு. இதே சிப் உள்ள நோட்எம்சியு போர்டில் அவை டி2, டி1 என்று அச்சிடப்பட்டிருக்கும்.

கடைகளில் கிடைக்கும் ரிலே மாட்யூல்களில் பல, பின் லோவானால் (0 வோல்ட்) ஆன் ஆகும் வகை. புரோகிராமில் பின்னை அவுட்புட் என்று அறிவித்த கணமே அது லோவாகி, ரிலே ஒருமுறை ‘டிக்’ என்று தட்டும். ஆகவே புரோகிராமின் துவக்கப் பகுதியான செட்டப்பில் முதல் வரி, பின்னின் நிலையை அமைக்கும் digitalWrite, அதில் ஹை. பின்னை அவுட்புட் என்று அறிவிக்கும் pinMode அதற்கு அடுத்துதான். வரிசை மாறினால் அந்த ‘டிக்’ திரும்ப வரும்.

5 வோல்ட் ரிலே காயில் ஒன்று ஏறத்தாழ 70 மில்லிஆம்பியர் இழுக்கும். அதை 3.3 வோல்ட் ரெகுலேட்டரிலிருந்து எடுக்காதீர்கள், தனி 5 வோல்ட் கொடுங்கள்.

கம்பியில்லாமல் தகவல் அனுப்ப என்ஆர்எஃப்24எல்01 ரேடியோ மாட்யூல் சேர்த்தால் அதற்கு 3.3 வோல்ட் மட்டுமே. சப்ளை பின்களை ஒட்டி 10 முதல் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கட்டாயம். அனுப்பும் தகவல் பாக்கெட் தொலைகிறது என்றால் புரோகிராமைத் தோண்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.