கிராபி: கடலுக்குச் செலவு குறைவு, காருக்குத்தான் அதிகம்

தாய்லாந்தின் கிராபி மாகாணத்துக்கு நண்பர்களோடு போய்விட்டு வந்த கையோடு எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆ நாங் கடற்கரையில் இரவு பத்தரை மணிக்கு ஒரு வேன் ஓட்டுநர், கிராபி நகரத்துக்குத் திரும்ப 800 பாட் கேட்டார். அதே சாலையில் மாலையில் ஆளுக்கு 60 பாட் கொடுத்துத்தான் வந்திருந்தோம். ஐந்து பேருக்கு 300. எங்கள் குழுவின் கணக்குப்பிள்ளையான தோழி, கைப்பேசியில் 300 என்று அடித்துக் காட்டினாள். அவர் அதை வாங்கி அழித்துவிட்டு 800 என்று அடித்தார். இப்படியே கைப்பேசி நாலு முறை கைமாறியது. கடைசிப் பொதுவண்டி போய்விட்டது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். 500-க்கு இறங்கி வந்தார். வழி நெடுக அவளும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

ஒரு பாட் நம் பணத்தில் இரண்டரை ரூபாய்க்கு மேல். அந்த ஒரு சவாரிப் பணத்தில் ஐந்து பேரும் நிறைவாகச் சாப்பிட்டிருக்கலாம். கிராபியில் பட்ஜெட்டைத் தின்பது கடலும் அல்ல, சாப்பாடும் அல்ல. தனி வண்டிதான்.

அதனால் தங்குவதற்குக் கிராபி நகரம்தான் சரி. எல்லோரும் ஆ நாங்கில் அறை எடுக்கிறார்கள். கடல் பக்கத்தில் என்பதைத் தவிர அங்கே எதுவும் மலிவில்லை. நகரத்தில் அறை வாடகை குறைவு, ஆற்றங்கரையில் இரவுச் சந்தை உண்டு, ஆற்றின் இரு பக்கமும் காவல் நிற்கும் காவ் கனாப் நாம் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. ஆ நாங்குக்குப் போக வெள்ளை நிற சோங்தேவ் வரும். பின்னால் இரண்டு நீள பெஞ்சு போட்டுக் கூரை வேய்ந்த பிக்கப் வண்டி அது. கையைக் காட்டினால் நிற்கும். பள்ளிப் பிள்ளைகள், காய்கறி மூட்டைகள், முதுகுப்பையோடு வெள்ளைக்காரர்கள் எல்லாம் ஒரே பெஞ்சில். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ரைலே கடற்கரையைப் பற்றி நிதானமாகச் சொல்ல முடியாது, மன்னிக்கவும். நிலப்பகுதியோடு ஒட்டிய இடம்தான் அது. ஆனால் செங்குத்தான பாறைகள் மறித்து நிற்பதால் சாலையே கிடையாது. படகில்தான் போக வேண்டும். ஆ நாங் கரையிலேயே டிக்கெட் கவுண்டர் இருக்கிறது. பகலில் ஆளுக்கு 100 பாட். படகு நிறையும் வரை காத்திருக்கச் சொல்வார்கள், காத்திருங்கள். பொறுமையில்லாதவர்களிடம் முழுப் படகையும் வாடகைக்குத் தள்ளிவிடுவார்கள். முழங்காலளவு தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போய் ஏறினோம். முன்னணியத்தில் மஞ்சள், சிவப்பு, பச்சைத் துணிகளும் பூமாலையும் கட்டியிருந்தார்கள். படகைக் காக்கும் மே யா நாங் என்ற தெய்வத்துக்கான காணிக்கை அது. பூமாலையில் இருந்த சாமந்தி அன்று காலையில் கோத்தது, வாடவே இல்லை. பின்னால் லாரி எஞ்சின் ஒன்று, அதிலிருந்து நீண்டு போகும் கம்பியின் நுனியில் விசிறி. எஞ்சின் கிளம்பியதும் யாரும் யாரிடமும் பேச முடியாது. பாறை வளைவைத் தாண்டிப் படகு திரும்பியபோது, கடலிலிருந்து நேராக எழும்பிய அந்தச் சுவர்களைப் பார்த்து ஐந்து பேரும் கத்தினோம். எங்கள் கத்தல் எங்களுக்கே கேட்கவில்லை.

அங்கிருந்து ப்ரா நாங் கடற்கரைக்கு நடந்தே போகலாம். ஒரு குகையில் மீனவர்கள் மரத்தால் செய்த லிங்க வடிவங்களைக் காணிக்கையாகக் குவித்திருக்கிறார்கள். சிலர் அதைப் பார்த்துச் சிரித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தது பிடிக்கவில்லை. அது வழிபாட்டு இடம்.

நாலு தீவுப் படகுச் சுற்றுலாவும் போனோம். கடல் வற்றும் நேரத்தில் தீவுகளுக்கிடையே மணல்திட்டு எழும்பும் தலே வேக் நன்றாக இருந்தது, கூட்டம் நன்றாக இல்லை. தேசியப் பூங்கா கட்டணம் டிக்கெட்டில் சேர்ந்ததா என்று முதலிலேயே கேளுங்கள். பல இடங்களில் தனியாகத்தான் வாங்குகிறார்கள்; வெளிநாட்டவருக்குக் கூடுதல்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இங்கே முஸ்லிம் மக்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்கள் கடைகளில் மஞ்சள் நிறச் சோற்றில் கோழி வைத்த காவ் மொக் கிடைக்கும், பிரியாணிக்கு நெருங்கிய சொந்தம். தள்ளுவண்டியில் ஓர் அம்மா ரொட்டி போட்டார். மாவை விசிறி விசிறிக் கண்ணாடியாக்கியது நம்மூர் வீச்சுப் பரோட்டா மாஸ்டரைப் போலவே இருந்தது. பிறகு அதில் முட்டையும் வாழைப்பழமும் போட்டுச் சதுரமாக மடித்து, வெட்டி, மேலே இனிப்புக் கெட்டிப்பாலை ஊற்றினார். இரண்டாவது தட்டுக்கு யாரும் யாரையும் கேட்கவில்லை. சோற்றுக் கடைகளில் கேங் சோம் என்ற மீன் குழம்பைத் தவறவிடாதீர்கள். மஞ்சள், புளிப்பு, காரம் மூன்றும் தூக்கல். கூடவே ஒரு தட்டு பச்சைக் காய்கறியும் இளந்தழைகளும் இலவசம். சைவக்காரர்கள் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும் 'ஜே' கடைகளைத் தேடுங்கள். மற்ற இடங்களில் காய்கறி என்று கேட்டாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள்.

புலிக்குகைக் கோயிலில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட படிகள். சில படிகள் முழங்கால் உயரம். விடியற்காலையில் ஏறுங்கள், குரங்குகளிடம் தின்பண்டத்தைக் காட்டாதீர்கள்.

தனி வண்டிக்கு நான் மனமாரப் பணம் கொடுத்தது ஒரே இடத்துக்குத்தான்: க்லோங் தோம். எல்லோரும் அங்கே மரகதக் குளத்துக்கும் வெந்நீர் ஓடைக்கும் போகிறார்கள். நாங்களும் போனோம், குளித்தோம். ஆனால் என் மனம் முழுக்க அந்த ஊர்க் கோயிலின் அருங்காட்சியகத்தில் இருந்தது. பக்கத்து மேட்டில் கிடைத்த பழங்கால மணிகள், கண்ணாடியும் கல்லுமாக, சில மிளகளவே இருக்கும். பெரும்பத்தன் என்ற பொற்கொல்லரின் உரைகல்லும் இந்த மேட்டில்தான் கிடைத்தது. 'பெரும்பதன் கல்' என்று தமிழ் பிராமியில் வெட்டியிருக்கிறது, கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். கடல் கடந்து வந்து இங்கே தங்கத்தை உரசிப் பார்த்த ஒரு தமிழரின் பெயர்! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மரகதக் குளம் போகும் சுற்றுலா வண்டிகள் இந்தக் கோயிலில் பெரும்பாலும் நிற்பதில்லை. பேரம் பேசும்போதே க்லோங் தோம் கோயிலையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்டால், அடுத்த வண்டிக்காரரிடம் போங்கள்.