மகளுக்குக் கிடைத்தது 43 கிரெடிட், பட்டத்தில் சேர்ந்தது 23

கோவில்பட்டியில் நான் படித்த காலத்தில், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் வீட்டில் ஒரே கேள்விதான்: ஃபர்ஸ்ட் குரூப்பா, தேர்டு குரூப்பா? அப்பா "ஃபர்ஸ்ட் குரூப்" என்றார். முடிந்தது. எந்தப் பாடம், எந்தப் புத்தகம் என்பதையெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொண்டது. அதனால்தான் இங்கே டெக்ஸஸில், டல்லாஸுக்கு வடக்கே, எட்டாம் வகுப்பு படித்த மகள் ஒரு பிப்ரவரி மாலை நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்து "அம்மா, நாலு வருஷத்துக்கும் இப்பவே பிளான் போடணுமாம்" என்றபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தெரிந்தவர்களிடம் கேட்டேன். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: எவ்வளவு ஏபி எடுக்க முடியுமோ அவ்வளவும் எடுக்கச் சொல்லுங்கள், காலேஜில் ஒரு வருடம் மிச்சம். ஏபி என்றால் ஹைஸ்கூலிலேயே படிக்கும் காலேஜ் நிலைப் பாடம்; மே மாதத் தேர்வில் (மார்க் 1 முதல் 5 வரை) நன்றாக வாங்கினால் காலேஜ் அதைத் தன் பாடமாகவே ஏற்றுக் கிரெடிட் தரும். நம்பினோம். ஒன்பதாம் வகுப்பில் ஹியூமன் ஜியாகிரஃபி, பத்தில் வேர்ல்டு ஹிஸ்டரி, பதினொன்றில் யுஎஸ் ஹிஸ்டரி, இங்கிலீஷ் லாங்குவேஜ், சைக்காலஜி, ஃபிசிக்ஸ் 1, பன்னிரண்டில் கால்குலஸ் பிசி, மேக்ரோ எகனாமிக்ஸ், என்விரான்மென்டல் சயின்ஸ். ஒன்பது தேர்வு. கோடையில் ஒரு டுவல் கிரெடிட் வகுப்பும் (ஹைஸ்கூலில் இருந்தபடியே எடுக்கும் காலேஜ் பாடம்) உண்டு. எதிலும் அவள் மார்க் 3-க்குக் கீழே போகவில்லை.

மாநிலத்திலேயே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் கிடைத்தது. ஜூலையில் கடைசி மார்க்குகளும் வந்து கணக்கில் ஏறிய பிறகு, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். மேலே 43 கிரெடிட் மணி என்று போட்டிருந்தது. காலேஜ் பாடங்களை அளக்கும் அலகு அது; ஒரு பாடம் பெரும்பாலும் 3 மணி. எனக்கு வாயெல்லாம் பல். "கீழ பாரும்மா" என்றாள். பட்டத்துக்குத் தேவையான பாடங்களின் பட்டியல், பக்கத்தில் பச்சை டிக். யுஎஸ் ஹிஸ்டரி 6, இங்கிலீஷ் 3, சைக்காலஜி 3, கால்குலஸ் 8, டுவல் கிரெடிட்டில் எடுத்த கவர்ன்மெண்ட் 3. ஆக 23. மீதி 20 மணியும் பக்கத்தின் அடியில், 'பட்டத்தில் பயன்படாதவை' என்ற தலைப்பின் கீழ் வரிசையாகக் கிடந்தன.

ஏன் என்று தேடியபோதுதான் எனக்கு இந்த ஊர்க் கணக்கு புரிந்தது. டெக்ஸஸ் அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் 42 மணிக்கு ஒரு பொது அடிப்படைத் திட்டம் உண்டு. அதில் அமெரிக்க வரலாற்றுக்கு 6, அரசியலுக்கு 6, எழுத்துக்கும் பேச்சுக்கும் 6 என்று தனித்தனிப் பெட்டி. சமூக அறிவியல் பெட்டிக்கு வெறும் 3. சைக்காலஜி, ஹியூமன் ஜியாகிரஃபி, மேக்ரோ மூன்றும் போட்டி போடுவது அந்த ஒரே பெட்டிக்கு. ஒன்று உள்ளே போனதும் கதவு மூடிவிடும். மற்ற இரண்டும் விருப்பப் பாடமாகத்தான் நிற்க வேண்டும். எஞ்சினியரிங் பட்டத்தில் விருப்பப் பாடத்துக்கு இடமே அரிது. வேர்ல்டு ஹிஸ்டரிக்கு 6 மணி கொடுத்தார்கள், ஆனால் அவள் துறையில் அதைச் செலவழிக்க இடமில்லை. என்விரான்மென்டல் சயின்ஸும் அப்படியே.

எனக்கு மிகவும் வலித்தது ஃபிசிக்ஸ் 1. அந்த வருடம் அவள் அதிகம் கண்விழித்ததே அதற்குத்தான். ஆனால் அது கால்குலஸ் இல்லாத ஃபிசிக்ஸ். எஞ்சினியரிங் மாணவர்களுக்கு வேண்டியது கால்குலஸோடு வரும் ஃபிசிக்ஸ். அதற்கு ஏபியில் ஃபிசிக்ஸ் சி என்று தனியாக இருக்கிறது, மெக்கானிக்ஸ் ஒரு தேர்வு, மின்சாரமும் காந்தவியலும் இன்னொரு தேர்வு. பயாலஜி பக்கம் போகிற பிள்ளைக்கு ஃபிசிக்ஸ் 1 கிரெடிட் பல இடங்களில் உதவும். அதே மார்க், அதே தேர்வு. ஒருவருக்குக் காசு, இன்னொருவருக்குச் செல்லாக்காசு.

அதனால் மகனுக்குத் தலைகீழாகப் போட்டோம். முதலில் காலேஜ், பிறகு துறை, கடைசியில்தான் ஹைஸ்கூல் படிவம். அவனுக்கு இன்னும் எதுவும் முடிவாகவில்லை, பத்தாம் வகுப்புதானே. ஆனால் போகக்கூடிய காலேஜ் மூன்று, துறை இரண்டு என்று வைத்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எந்த ஏபி தேர்வில் எத்தனை வாங்கினால் எந்தப் பாடத்துக்குக் கிரெடிட் என்று ஓர் அட்டவணை வெளியிடும். அதை ஒரு பக்கமும் துறையின் நான்கு வருடப் பாடத்திட்டத்தை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போட்டு இணைத்தேன். கோடு விழாத ஏபி எது என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

பாட எண்களைப் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். டெக்ஸஸ் பொது எண் முறையில் முதல் இலக்கம் எந்த வருடப் பாடம் என்பது, இரண்டாவது இலக்கம் எத்தனை மணி. ஹிஸ்டரி 1301 என்றால் முதல் வருடம், மூன்று மணி. கால்குலஸ் 2413 என்றால் இரண்டாம் வருட நிலை, நான்கு மணி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கோடு விழாத ஏபி வகுப்பை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வகுப்பு வேறு, மே மாதத் தேர்வு வேறு. டெக்ஸஸில் வகுப்பு ரேங்க் பெரிய விஷயம். 1997-இல் வந்த சட்டப்படி, தன் பள்ளியில் முதல் 10 சதவீதத்தில் வருகிறவர்களுக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம். ஆஸ்டினில் உள்ள டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் 2026 சேர்க்கையிலிருந்து அது முதல் 5 சதவீதம். எங்கள் பள்ளி மாவட்டத்தில் ஏபி வகுப்புக்கு, ரேங்க் போடும் ஜிபிஏ (சராசரி மார்க்) கணக்கில் கூடுதல் எடை. அந்த எடை வகுப்பில் வாங்கும் மார்க்குக்கு. மே மாதத் தேர்வு எழுதினாலும் எழுதாவிட்டாலும் மாறாது. தேர்வுக்கு ஏறக்குறைய 100 டாலர். மகளுக்குப் பயன்படாமல் போன ஐந்து தேர்வுக்கு நான் கட்டியது கிட்டத்தட்ட 500. வகுப்பை எடுத்து, தேர்வை மட்டும் விட்டிருக்கலாம். உங்கள் மாவட்டத்தில் விதி எப்படி என்று கவுன்சிலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தேர்வுக்குப் பதிவு செய்யும் கெடு நவம்பர் நடுவில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வேண்டாம் என்றால் 40 டாலர் பிடித்துக்கொள்வார்கள்.

ரேங்க் மோகத்துக்கும் ஒரு விலை உண்டு. ஆர்கெஸ்ட்ராவுக்கு அந்தக் கூடுதல் எடை கிடையாது என்பதால் பத்தாம் வகுப்பில் மகள் வயலினை விட்டாள். விடச் சொன்னது நான்தான்.

அப்புறம், நேரடி இடம் வேண்டுமென்றால் ரேங்க் மட்டும் போதாது. பொதுவாக, ஒன்பதாம் வகுப்பில் ஒரு எண்டோர்ஸ்மென்ட் (பள்ளியில் எடுக்கும் துறைப் பிரிவு) தேர்ந்தெடுத்து, அல்ஜீப்ரா 2 உட்பட 26 பள்ளிக் கிரெடிட் முடித்து, 'டிஸ்டிங்விஷ்டு' நிலையில் பள்ளி முடித்திருக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தானாக அமைந்துவிடும். புதிதாக இந்தியாவிலிருந்து நடுவில் வந்து சேரும் பிள்ளைகள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுடைய பழைய மார்க் ஷீட்டை எந்தப் பாடத்துக்கு ஈடாக எழுதியிருக்கிறார்கள் என்று வரி வரியாகப் பாருங்கள்.

சரி, டுவல் கிரெடிட். பக்கத்து கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரி) பாடத்தை ஹைஸ்கூலில் இருக்கும்போதே எடுப்பது. ஒரே பாடத்துக்குப் பள்ளியிலும் கணக்கு, காலேஜிலும் கணக்கு. சேர்வதற்கு டிஎஸ்ஐ என்ற தகுதித் தேர்வில் கணக்குக்கு 950, ஆங்கிலத்துக்கு 945-உம் கட்டுரைக்கு 5-உம் வேண்டும். எஸ்ஏடி என்ற காலேஜ் சேர்க்கைத் தேர்வில் மார்க் போதுமான அளவு இருந்தால் அதிலிருந்து விலக்கு. 2023-இல் கொண்டுவந்த ஃபாஸ்ட் திட்டத்தில் சேர்ந்த காலேஜ்களில், பள்ளியில் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியுள்ள பிள்ளைகளுக்கு இந்த வகுப்புகள் இலவசம்.

ஏபியில் மே மாதம் அந்த ஒரு நாள் தேர்வு சரியாக அமையாவிட்டால் வருட உழைப்பு போச்சு. டுவல் கிரெடிட்டில் அந்தப் பயம் இல்லை, பாஸ் ஆனாலே கிரெடிட். குறிப்பாக கவர்ன்மெண்ட் பாடத்துக்கு இதைத்தான் சொல்வேன். ஏபி கவர்ன்மெண்ட் டெக்ஸஸ் அரசியலமைப்பைத் தொடாது. மாநிலச் சட்டமோ அதையும் படிக்கச் சொல்கிறது. கவர்ன்மெண்ட் 2305, 2306 இரண்டையும் டுவல் கிரெடிட்டில் முடித்தால் 6 மணியும் அடைந்துவிடும். அமெரிக்க வரலாற்றுக்கு நேர்மாறு: பல இடங்களில் ஒரே ஏபி தேர்வில் 1301, 1302 இரண்டுக்கும் கிரெடிட் கிடைத்துவிடும்.

ஆனால் பயப்பட வேண்டிய இடமும் இதில்தான். ஏபியில் 2 வாங்கினால் அதை யாருக்கும் அனுப்பாமல் இருக்கலாம். டுவல் கிரெடிட்டில் வாங்கிய சி கடைசிவரை கூடவே வரும். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது ஹைஸ்கூலில் எடுத்த காலேஜ் பாடங்களின் மார்க்கையும் காட்டித்தான் ஆக வேண்டும், ஜிபிஏவில் அதுவும் சேரும். என் தோழியின் மகன் பதினாறு வயதில், கோடை விடுமுறையில், ஐந்து வாரத்தில் ஒரு பயாலஜி வகுப்பை அவசரமாக முடித்து சி வாங்கினான். இருபத்தொரு வயதில் விண்ணப்பப் படிவத்தில் அதைத் தட்டச்சு செய்தபோது அவன் முகம் போன போக்கை அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மருத்துவம் என்ற எண்ணம் இருக்கிற பிள்ளை அறிவியல் பாடங்களை டுவல் கிரெடிட்டில் எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

பெற்றோருக்கும் ஓர் அதிர்ச்சி உண்டு. மகளின் கோடை வகுப்பில் ஒரு வீட்டுப்பாடத்துக்குப் பூஜ்யம் விழுந்திருந்தது. நான் பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மாணவியோடு மட்டும்தான் பேசுவேன் என்று இரண்டே வரியில் பதில் வந்தது. வயது பதினேழுதான், ஆனால் அந்த வகுப்பில் அவள் காலேஜ் மாணவி.

நடுவழியாக ஒன்று உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்ஸஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஆன்ராம்ப்ஸ். பள்ளி ஆசிரியர் தருவது ஒரு மார்க், பல்கலைக்கழகம் தருவது தனி மார்க்; பல்கலைக்கழக மார்க்கைப் பார்த்த பிறகு கிரெடிட் வேண்டும், வேண்டாம் என்று பிள்ளையே முடிவு செய்யலாம். மகன் பள்ளியில் பிரீகால்குலஸுக்கு இது இருக்கிறது, அதில் போட்டிருக்கிறோம்.

மார்க்குக்கு வருவோம். டெக்ஸஸில் 2015-இல் வந்த சட்டம், தக்க காரணம் இல்லாமல் அரசுக் கல்லூரிகள் ஏபியில் 3-க்கு மேல் கேட்கக்கூடாது என்கிறது. மாநிலம் தாண்டினால் கதை வேறு. கலிஃபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகம் ஏபிக்குக் கிரெடிட்டே தருவதில்லை. அங்கேயெல்லாம் ஏபி என்பது உள்ளே நுழைய உதவும், காலத்தையும் காசையும் மிச்சப்படுத்தாது.

இன்னொரு இடறல். எங்களுக்குக் காலேஜ் அறிமுக நாள் ஜூனில், அன்றே வகுப்புப் பதிவு. பன்னிரண்டாம் வகுப்பு ஏபி மார்க் வருவது ஜூலையில். மகள் கையில் கால்குலஸ் மார்க் இல்லாததால் கால்குலஸ் 1 வகுப்பில் இடம் பிடித்தாள். மார்க் வந்து, 1, 2 இரண்டையும் தாண்டிக் கால்குலஸ் 3-க்கு மாறப் போனபோது நல்ல நேரங்களெல்லாம் நிரம்பிவிட்டன. காலை எட்டு மணி வகுப்புதான் மிச்சம். கால்குலஸை முடிந்தால் பதினொன்றாம் வகுப்பிலேயே முடித்துவிடுவது நல்லது, அதற்கு ஏழாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 தொடங்கியிருக்க வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் அது தேவையில்லை. எட்டில் தொடங்கினாலும் பன்னிரண்டில் கால்குலஸ் வந்துவிடும்.

மகனுக்கு ஸ்பானிஷ் எடுக்கவில்லை. அவன் ஏழு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகிறான். எங்கள் மாவட்டம் ஏற்றுக்கொண்ட மொழித் தேர்வில் தமிழிலேயே கேட்டு, பேசி, படித்து, எழுதி, இரண்டு வருட மொழிப் பாடத்துக்கான பள்ளிக் கிரெடிட் வாங்கினான். பேச்சுப் பகுதியில் "ஆச்சி வீட்டுக்குப் போனா வெயிலுக்கு நுங்கு திம்போம்" என்றுதான் பதில் சொன்னானாம். திருத்தலாமா என்று நினைத்தேன், மார்க் நன்றாகவே வந்தது. அதில் மிச்சமான இரண்டு இடங்களில் ஒன்றில் செல்லோ வைத்திருக்கிறான்.

இன்னொன்று காலியாக இருக்கிறது. ஃபிசிக்ஸ் சி போடலாம் என்கிறேன். மண்பாண்ட வகுப்பு என்கிறான். படிவம் வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.