மச்சானின் படகு மோட்டார்

பழவேற்காட்டு மச்சானின் படகு மோட்டார் ஒரு வருஷமாக எங்கள் காட்பாடி வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. நேற்று கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், பொறி நன்றாகவே வந்தது. சரி, டேங்க் மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாடை! வேலூர் வெயிலில் பெட்ரோல் ஆவியாகிப் பிசின்தான் தங்கியிருக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில், பெட்ரோல் வரும் ஊசிமுனை அளவு ஜெட் துளை, தேன்நிறத்தில் அடைத்துக் கிடந்தது. கிளீனர் அடித்து, காற்று ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளை தெரியும்வரை விடவில்லை. கம்பி மட்டும் விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

அப்புறம் புது பெட்ரோலில் ஆயில் கலந்து, தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி இழுத்தேன். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் உள்ளே குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரம், அதாவது இம்பெல்லர், கருகிவிடும். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது! உடனே மச்சானுக்கு வீடியோ கால். அவர் பேசவே இல்லை, சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.