கஞ்சன்ஜங்கா பக்கம்: ட்ரெக் நாட்குறிப்பு

ஏப்ரல் 17, யுக்சம்

ஜீப்ல வந்து இறங்குனதும் இடுப்பே விட்டுப்போச்சு, ஆனாலும் சாயங்காலமே நோர்புகாங் போய்ப் பாத்துட்டோம். 1642-ல சிக்கிமோட முதல் ராஜாவுக்கு மூணு லாமாக்கள் பட்டம் கட்டுன இடம், கல் சிம்மாசனம் இன்னும் இருக்கு. ஊர்ல யார்கிட்ட பேசுனாலும் கஞ்சன்ஜங்காவ காவல் தெய்வம்னுதான் சொல்றாங்க, பாங் லாப்சோல்னு வருசா வருசம் அதுக்குன்னே திருவிழா எடுக்குறாங்க.

ஏப்ரல் 19, ஸோக்கா

ஒரே ஏத்தம். மூட்டை எல்லாம் ஸோ மேல போகுது, யாக்கும் மாடும் கலந்த இனம், மணிச் சத்தம் கேட்டதும் பாதைய விட்டு மலை ஓரமா ஒதுங்கி நின்னுடணும். இங்க குராஸ் பூத்து காடே செவப்பா கெடக்கு, நீலகிரியில காட்டுப்பூவரசுன்னு சொல்வாங்களே அதோட சொந்தக்கார மரம்தான்.

ஏப்ரல் 21, ஸோங்ரி

கிட்டத்தட்ட 4000 மீட்டர், தலைவலி விடவே இல்ல. விடியறதுக்கு முன்னாடியே டார்ச் அடிச்சுட்டு மேட்டுக்கு ஏறினோம், முதல் வெயில் கஞ்சன்ஜங்கா உச்சியில பட்டுச்சு, அப்புறம்தான் கப்ரு, பாண்டிம்னு ஒவ்வொரு சிகரமா கீழ இறங்குது, 8586 மீட்டர்னு படிச்சதுக்கும் நேர்ல அண்ணாந்து பாக்குறதுக்கும் சம்பந்தமே இல்லங்க, அழுகையே வந்துடுச்சு.

1955 மே 25-ல ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் நேபாளப் பக்கமா முதல்முதலா ஏறினாங்க. உச்சிய மிதிக்க மாட்டோம்னு சிக்கிம் ராஜாவுக்குக் குடுத்த வாக்குப்படி சில அடி கீழயே நின்னுட்டாங்க, மறுநாள் ஏறுன ரெண்டு பேரும் அப்படியே. அவ்ளோ பாடுபட்டுப் போய், கைக்கெட்டுற தூரத்துல நிக்கிறதுக்கு எவ்ளோ பெரிய மனசு வேணும்! ஏறுனதவிட அங்க நின்னதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது.

ஏப்ரல் 23, தான்சிங்

பிரேக் சூ ஆத்த ஒட்டியே நடந்து வந்தோம். எதிர்லயே பாண்டிம், 6691 மீட்டர், அதையும் இங்க சாமியாத்தான் கும்பிடுறாங்க. சிக்கிம் பக்கமிருந்து கஞ்சன்ஜங்காவ ஏறுறதுக்கு 2001-லயே அரசாங்கம் தடை போட்டுடுச்சு. நேபாளப் பக்கம் இன்னும் ஏறுறாங்க. சாமி தலையில கால் வைக்காதன்னு ஒரு ஊரே கேட்டுக்கிட்டா கேக்கணும், அதுல விவாதமே வேணாம்ங்கிறது என் கட்சி.

நாளைக்கு லாமுனே. அங்கருந்து நடுராத்திரி தாண்டுனதும் சமிதி ஏரி வழியா கிளம்பணுமாம், தண்ணி உறைஞ்சுடும், பாட்டில ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளயே வச்சுக்கங்கன்னு கைடு அண்ணன் சொல்லிட்டுப் போயிருக்கார்.